நைனாவின் ஈரல் பயாப்ஸி ரிப்போர்ட்டில் முடிவே இல்லை. மறுபடி ஊசி போட வேண்டுமா?

பேரணாம்பட்டு பொண்ணு
ஞாயிறு, இரவு 10.20

வணக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன் சூப்பர்வைசர். வீடு பேரணாம்பட்டு. எங்கள் நைனாவுக்கு 58 வயது. இருபத்தைந்து வருஷம் டேனரியில் வேலை பார்த்தவர். குடி கிடையாது, பீடி கிடையாது. சர்க்கரை மட்டும் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில், ஈரலின் வலது பக்கம் 4.6 செ.மீ. கட்டி என்று வந்தது. அதுவரை அவருக்கு அங்கே ஒரு வலியும் இல்லை.

மருந்து ஏற்றி மூன்று கட்டமாக சி.டி. எடுத்தோம். அதைப் பார்த்த டாக்டர், "சந்தேகமாகத்தான் இருக்கு. ஆனா இவருக்கு ஈரல் சுருக்கம் (சிரோசிஸ்) இல்லையே, படத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன்" என்று, ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிக்கு எழுதினார். வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். எடுத்ததும் ஒரு சின்ன பாட்டிலை என் கையில் கொடுத்து, லேபில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். உள்ளே பார்த்தால் இடியாப்பத்தில் உடைந்து விழுந்த மாதிரி இரண்டு துண்டு. இதை வைத்தா சொல்லப்போகிறார்கள் என்று அப்போதே எனக்குத் திக்கென்றது.

ஆறு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. "வெல் டிஃபரென்ஷியேட்டட் ஹெப்பட்டோசெல்லுலர் நியோபிளாசம்" என்று போட்டு, கீழே "ரெட்டிகுலின் ஸ்டெயினும் ஐ.எச்.சி.யும் செய்து பார்க்கவும்" என்று ஏதோ இரண்டு சாயச் சோதனையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். புற்றா, இல்லையா? அந்த ஒரு வரியைக் காணோம். அதற்கு இன்னும் 7,500 ரூபாய் ஆகுமாம். ஈரல் புற்றில் ஏறக்கூடியது என்று பார்க்கிற ஏ.எஃப்.பி. ரத்தத்தில் 11தான். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை.

என் தம்பி, "லேப் சரியில்லை, வேறு இடத்தில் மறுபடி எடுக்கலாம்" என்கிறான். நைனாவோ இன்னொரு ஊசி என்றால் வீட்டை விட்டே கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: ஏன் அவர்களால் சொல்ல முடியவில்லை? எங்கள் பணம் வீணா?


காட்பாடி ஜங்ஷன்
ஞாயிறு, இரவு 11.05

தங்கச்சி, கட்டியில் ஊசி படவே கூடாது. பட்டால் பரவிவிடும். எங்கள் பெரியப்பா விஷயத்தில் அப்படித்தான் ஆனது. ஏற்கனவே ஒரு தடவை குத்தியாகிவிட்டது, இனியாவது விட்டுவிடுங்கள்.


மைக்ரோடோம் தாத்தா
திங்கள், காலை 6.10

அம்மா, நான் டாக்டர் இல்லை. இருபத்தொன்பது வருஷம் பேத்தாலஜி லேபில், அதாவது சதைத் துண்டைச் சோதித்து நோய் சொல்கிற லேபில், டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு; அவர் குனிந்து பார்க்கிற அந்தக் கண்ணாடியைத் தயார் செய்கிறவன் நான். அந்தப் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

முதலில் மேலே காட்பாடி தம்பி சொன்னது. ஊசி போன வழியில் புற்று முளைப்பது நடக்காத காரியம் இல்லை. ஆனால் நூறு பேருக்கு இரண்டு மூன்று பேர் என்ற கணக்கில்தான் அது. ரத்தக் கசிவு பயமும் உண்டு, அதற்குத்தான் பயாப்ஸிக்கு முன்னால் ரத்தம் உறைகிற நேரமும் பிளேட்லெட்டும் பார்க்கிறார்கள். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு சி.டி.யில் கட்டி முதலில் பளிச்சென்று மருந்தை இழுத்து, பிறகு சட்டென்று வெளுத்துப்போனால், ஊசியே இல்லாமல் புற்று என்று சொல்லிவிடலாம். உங்கள் நைனாவுக்குச் சுருக்கம் இல்லை, பி வைரஸும் இல்லை. அந்த விதி அவருக்குச் செல்லாது. அந்த டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது உங்கள் இடியாப்பத் துண்டுக்கு வருவோம். பாட்டிலில் இருந்தது தண்ணீர் இல்லை, பத்து சதவீத ஃபார்மலின். டேனரிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பச்சைத் தோலை உப்புப் போடாமல் ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று நைனாவைக் கேளுங்கள். முடி கழன்று, நாறி, தோல் கைக்கு உதவாமல் போய்விடும். சதையும் அப்படித்தான், உடம்பை விட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். ஃபார்மலின் அதன் புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு அப்படியே நிறுத்திவிடும். சதையைப் பதனிடுகிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பல வருஷம் முன்பு, ஒரு மே மாதம், வாணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு பையன் பஸ்ஸில் பாட்டிலோடு வந்தான். அங்கே யாரோ ஃபார்மலின் இல்லையென்று சலைனில், அதாவது உப்புத் தண்ணீரில், போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். நானும் என்னால் ஆனதைச் செய்து ஸ்லைடு போட்டேன். டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். செல்லெல்லாம் ஊறின அவல் மாதிரி இருந்தது. அந்தப் பையனுடைய அம்மாவுக்கு இரண்டாவது தடவை ஊசி போட்டார்கள். மறுபடி எடுக்க வேண்டும் என்பது அந்த மாதிரிக் கேஸுக்கு. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "வெல் டிஃபரென்ஷியேட்டட்" என்று எழுதும் அளவுக்குச் செல் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

மேற்கொண்டு நடப்பது இதுதான். ஃபார்மலினில் குறைந்தது ஆறெட்டு மணி நேரம் ஊறிய துண்டை மெல்லிய தாளில் மடித்து, ராத்திரி முழுக்க ஆல்கஹால், சைலின் என்று மாற்றி மாற்றி நீரை எடுத்துவிட்டு, மெழுகை ஏற்றுவோம். காலையில் அச்சில் வைத்து மெழுகு ஊற்றினால் பிளாக். இந்தத் துண்டை அச்சில் வைப்பதில்தான் வித்தை. இரண்டும் ஒரே மட்டத்தில் படுக்க வேண்டும். ஒரு நுனி தூக்கிக்கொண்டால், வெட்டும்போது பாதித் துண்டு சிக்கும், பாதி சிக்காது. வெள்ளை மெழுகில் வெள்ளைத் துண்டு கண்ணுக்கே தெரியாது என்பதால் ஒரு சொட்டு இயோசின் சாயம் விட்டுச் சிவப்பாக்கிக்கொள்வேன்.

அப்புறம் மைக்ரோடோம், பிளாக்கை மெல்லிசாகச் சீவுகிற மெஷின். மூன்று, நான்கு மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். தலைமுடி ஒன்றின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. வேலூர் வெயிலில் மெழுகு இளகும், அதனால் பிளாக்கை ஐஸ் மேல் வைத்து வைத்துச் சீவுவோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எஃகுக் கத்தி, தினம் காலையில் கல்லில் தீட்டித் தோல் வாரில் இழுக்க வேண்டும். இப்போது பிளேடைப் போட்டுத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், நல்லதுதான். சீவியது ரிப்பனாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடில் ஏந்துவோம். கை பழகியவனுக்கும் புதியவனுக்கும் வித்தியாசம் எங்கே என்றால், புதியவன் நல்ல முகம் கிடைக்கும்வரை சீவிச் சீவியே அந்தத் துண்டைத் தீர்த்துவிடுவான். பழகியவன் முதல் ரிப்பனிலேயே நாலைந்து ஸ்லைடு சாயம் போடாமல் எடுத்து வைத்துவிடுவான், பின்னால் தேவைப்படும் என்று. உங்கள் கேஸில் கேட்டிருக்கிற ரெட்டிகுலின், ஐ.எச்.சி. எல்லாம் அந்தப் "பின்னால்"தான். அதே பிளாக்கிலிருந்தே செய்யலாம். புதிய ஊசி வேண்டாம்.

பேரன் ஸ்கூல் வேனுக்கு நேரமாகிவிட்டது. ஏன் சொல்ல முடியவில்லை என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.


ஆற்காடு செந்தாமரை
திங்கள், மதியம் 1.30

ஐயா எழுதியதைப் படித்து எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவர்களுக்கும் ஈரலில்தான் கட்டி, ஒன்றல்ல, நான்கைந்து. நாங்கள் எல்லோரும் ஈரல் புற்று என்றே முடிவு செய்து அழுது தீர்த்துவிட்டோம். பயாப்ஸியில் "இது ஈரலில் பிறந்த செல்லே இல்லை, சுரப்பி மாதிரி வட்ட வட்டமாக இருக்கிறது, வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது" என்றார்கள். ஐ.எச்.சி. சாயத்தில் சி.கே. 20, சி.டி.எக்ஸ். 2 என்ற புரதங்கள் பாசிடிவ், சி.கே. 7 நெகடிவ். பெருங்குடலைப் பார்க்கச் சொன்னார்கள். குடலுக்குள் கேமரா விட்டதும், முதலில் பிறந்த கட்டி அங்கேதான் இருந்தது. மருந்தே வேறு, டாக்டரே வேறு. அந்தச் சாயங்களுக்குப் பணம் கட்ட நாங்களும் இரண்டு நாள் யோசித்தோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரி கவுன்டரில் கேட்டுப் பாருங்கள் அக்கா.


மைக்ரோடோம் தாத்தா
திங்கள், மாலை 7.45

விட்ட இடத்திலிருந்து வருகிறேன்.

செந்தாமரை அம்மா சொன்ன கேஸில் செல் தன் ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. உங்கள் நைனா கேஸில் செல் உள்ளூர்க்காரன். ஈரல் செல்தான், அதில் சந்தேகம் இல்லை. "ஹெப்பட்டோசெல்லுலர்" என்றால் அதுதான் அர்த்தம். "நியோபிளாசம்" என்றால் புதிதாக வளர்ந்த கட்டி. "வெல் டிஃபரென்ஷியேட்டட்" என்றால் பார்ப்பதற்குச் சாதாரண ஈரல் செல் மாதிரியே இருக்கிறது. இங்கேதான் வம்பு. படிக்கிறவர்கள் "வெல்" என்பதைப் பார்த்து நல்ல செய்தி என்று நினைக்கிறார்கள். பேத்தாலஜி டாக்டருக்கு அதுதான் தலைவலி. கரு பெருத்து, கோணல்மாணலாகக் கிடக்கிற மோசமான புற்றை ஈரல் பக்கமே போகாத மாணவன்கூடப் புற்று என்று சொல்லிவிடுவான். நல்லவன் வேஷம் போட்ட புற்றும், அடினோமா என்கிற, உண்மையிலேயே சாதுவான, புற்றல்லாத கட்டியும் அடுத்தடுத்து நின்றால் பெரிய பெரிய கண்ணே தடுமாறும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்? நல்ல ஈரலில் செல்கள் ஒன்று அல்லது இரண்டு செல் அகலத்தில் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பக்கமும் மெல்லிய நார் ஓடும், அதுதான் ரெட்டிகுலின். நெல் வயலும் வரப்பும் மாதிரி. சாதாரண ஊதா, ரோஸ் சாயத்தில் வரப்பு தெரியாது. வெள்ளி நைட்ரேட் சாயம் போட்டால் வரப்பு மட்டும் கறுப்பாக எழுந்து நிற்கும். எனக்குப் பிடித்த சாயம் அது. பிடிவாதமான சாயமும்கூட, பாத்திரத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் வெள்ளி முழுக்கக் கறுத்துத் தொலைக்கும். அடினோமாவில் வரப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். புற்றில் வரிசை மூன்று செல்லுக்கு மேல் தடிக்கும், வரப்பு அறுந்து அறுந்து போகும், சில இடத்தில் வரப்பே இருக்காது. வரப்பு போய்விட்டால் புற்று, அவ்வளவுதான்.

ஐ.எச்.சி. என்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற சாயச் சோதனை. இருக்கிற இடத்தில் பழுப்பு நிறம் வரும். ஈரல் செல்லா என்று கேட்க ஹெப்பார் 1, ஆர்ஜினேஸ் 1. கெட்டவனா என்று கேட்க கிளைபிகன் 3, எச்.எஸ்.பி. 70, குளுட்டமின் சிந்தடேஸ் மூன்றும் சேர்த்து. கட்டிக்குள் ரத்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று பார்க்க சி.டி. 34 (இதுவும் ஒரு புரதம்தான், சி.டி. ஸ்கேன் இல்லை).

ஆகவே அந்த ரிப்போர்ட்டில் இருப்பதை நான் நேர்மை என்றுதான் சொல்வேன். என் காலத்தில் நான் பயந்தது தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களுக்குத்தான்.

உங்கள் தம்பி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, இரண்டாவது கண் பார்க்கட்டும். ஆனால் நைனாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பிளாக்கை எடுத்துக்கொண்டு போங்கள். லேபில் எழுதிக் கொடுத்து, பிளாக், ஸ்லைடு, ரிப்போர்ட் நகல் மூன்றையும் கேளுங்கள். ஸ்லைடு மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். சாயம் போட்ட ஸ்லைடில் புதுச் சாயம் போடுவது சிரமம், பிளாக்கும் வேண்டும். பிளாக் எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். சி.டி. படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். படத்தைப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்ப்பது யானையின் வாலைப் பிடித்த கதை. பிளாக்கை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மெழுகு அம்மா.


பேத்தாலஜி பி.ஜி.
திங்கள், இரவு 11.50

ஐயாவுக்கு வணக்கம். உங்களைப் போன்றவர்கள் சீவிக் கொடுக்கிற ஸ்லைடில்தான் நாங்கள் படிக்கிறோம். ஒரே ஒரு திருத்தம். "வரப்பு போய்விட்டால் புற்று, அவ்வளவுதான்" என்று சொல்ல முடியாது. கொழுப்பு அதிகம் படிந்த இடத்தில், புற்று இல்லாவிட்டாலும் ரெட்டிகுலின் மெலிந்து காணாமல் போன மாதிரி தெரியும். இந்த அக்காவின் அப்பா சர்க்கரை நோயாளி, ஈரலில் கொழுப்பு இருக்க நிறைய வாய்ப்பு. அதனால் கொழுப்பு இல்லாத இடத்தில் பார்க்க வேண்டும்.

அதேபோல் கிளைபிகன் 3 நெகடிவ் என்று வந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். நல்ல வேஷம் போட்ட புற்றில் அது பல நேரம் நெகடிவாகத்தான் வரும். ஏ.எஃப்.பி. குறைவு என்பதும் அப்படித்தான், எத்தனையோ ஈரல் புற்றில் அது ஏறுவதே இல்லை.

இன்னொன்று. அடினோமா அதிகமும் பெண்களுக்கு வருவது. 58 வயது ஆணுக்கு இந்த ரிப்போர்ட் என்றால், அது அடினோமாவாகவே இருந்தாலும் அறுவை சிகிச்சைதான் பேச்சாக இருக்கும், ஆண்களுக்கு அது புற்றாக மாறும் அபாயம் கூடுதல். பயமுறுத்தச் சொல்லவில்லை அக்கா, முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சர்ஜனிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வையுங்கள். துண்டில் கட்டிக்கு வெளியே உள்ள ஈரலும் கொஞ்சம் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மிச்ச ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது சர்ஜனுக்குக் கட்டி அளவுக்கு முக்கியம்.


மைக்ரோடோம் தாத்தா
செவ்வாய், காலை 6.00

டாக்டர் தம்பி சொன்னதுதான் சரி. நான் சாயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறவன், கொழுப்பு விஷயம் கோட்டைவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.


காட்பாடி ஜங்ஷன்
செவ்வாய், காலை 9.15

ஐயா, எங்கள் பெரியப்பாவுக்கு ஊசி போடும்போதே வயிறு முழுக்க நீர் கோத்திருந்தது. இப்போது யோசித்தால் ஊசிக்கு முன்பே முற்றியிருக்க வேண்டும். எழுதியதற்கு மன்னிக்கவும் தங்கச்சி.


பேரணாம்பட்டு பொண்ணு
மூன்று வாரம் கழித்து, வெள்ளி இரவு 9.40

எல்லோருக்கும் பதில் எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

பிளாக் வாங்கப் போன அன்று லேபில் முதலில் ஸ்லைடு மட்டும்தான் தருவோம் என்றார்கள். தாத்தா சொன்னபடி எழுதிக் கொடுத்ததும் உள்ளே போய்ப் பேசிவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். எண் சரிபார்த்தேன். கொடுத்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீங்க லேப் லைனா?" என்று கேட்டான். பிளாக்கைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, டப்பாவைக் கைப்பையில் வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். தம்பி சிரித்தான். சிரிக்கட்டும்.

வேறு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். சாயம் போட்டு வர எட்டு நாள். கொழுப்பு இல்லாத இடத்திலும் ரெட்டிகுலின் அறுந்திருக்கிறது, சி.டி. 34 கட்டி முழுக்கப் படர்ந்திருக்கிறது, குளுட்டமின் சிந்தடேஸ் முழுக்கப் பழுப்பு. கிளைபிகன் பி.ஜி. தம்பி சொன்ன மாதிரியே நெகடிவ். முடிவு: ஈரல் செல் புற்று. இந்தத் தடவை வார்த்தை தெளிவாக இருந்தது. கட்டிக்கு வெளியே இருந்த ஈரலில் கொழுப்பும் லேசான நார்ப்படிவும் மட்டும், சுருக்கம் இல்லை.

அந்தப் பேத்தாலஜி டாக்டர் நான் கேட்டதற்காக இரண்டு தலை உள்ள மைக்ரோஸ்கோப்பில் எனக்குக் காட்டினார். ஒரு ஓரத்தில் கறுப்பு வரப்புகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் வரப்பு நின்றுபோய்விட்டது. அதற்கப்புறம் வெறும் வயல். நான் ஒன்றும் பேசவில்லை. இத்தனை நாளாக அந்த முதல் லேபை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனாவிடம் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தத் துண்டைப் பதப்படுத்தினது ஒழுங்கா இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். தலையாட்டினார்.

கட்டி ஒன்றுதான், ஒரு பக்கமாக இருப்பதால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். எடுத்த கட்டியை முழுசாக மறுபடி லேபில் பார்ப்பார்களாம், சின்ன ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியுமாம். குடலிறக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, சாயங்களுக்கான பணம் மட்டும் நாங்கள் கட்டினோம்.

தாத்தா, ஒரு கேள்வி. பிளாக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டுமா, வீட்டில் வைக்கலாமா?


மைக்ரோடோம் தாத்தா
சனி, காலை 5.50

முதல் லேபுக்கே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. அவர்களிடம் அலமாரியில் எண் வரிசையில் இருக்கும், வருஷக் கணக்கில் கெடாது. நாளைக்கு வேறு சாயம் தேவைப்பட்டால் தேட வேண்டியதில்லை. புதன்கிழமை முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.